உண்டியலில் விழும் உலோகமும் ஊசியில் ஏறும் உலோகமும்



அமாவாசை நாளன்று அதிகாலையில் திருவள்ளூர் இரயில் நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒருபுறம், மணவாள நகரிலிருந்து ஆலைத் தொழிலாளி வருகிறான். காக்களூர்த் தொழிற்பேட்டைக்கோ, திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்கோ பேருந்து பிடிக்கும் அவசரம் அவனுக்கு. மறுபுறம், இரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் வீரராகவப் பெருமாள் கோயிலை நோக்கி நகர்கிறது. அந்தப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றே பெயர். குளத்திலே வெல்லத்தைக் கரைத்தால், வெல்லம் கரைவதுபோல் வியாதியும் கரைந்து போகும் என்பது அங்கு வருவோரின் நம்பிக்கை.

வெல்லம் மட்டுமா? நம் நாட்டுக் கோயில்கள் பலவற்றின் வாயிலில் வேறொன்றும் விற்கிறார்கள். மெல்லிய தகட்டிலே கண், கை, கால், வயிறு என்று உருவம் பொறித்துத் தட்டிலே பரப்பி வைத்திருப்பர். எந்த உறுப்பில் நோயோ, அந்த உறுப்பின் தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். காசுள்ளவன் வெள்ளியிலே வாங்குவான். இல்லாதவன் தகரத்திலே வாங்குவான். நோய்க்கு அந்த வேறுபாடு தெரியாது.

அந்தத் தகட்டை இறுகப் பிடித்தபடி வரிசையில் நிற்கும் தாயைக் கண்டு நகைக்க எனக்கு மனம் வருவதில்லை. அவளுக்கு வேறு வழி காட்டாதவர்கள் அல்லவா நாணவேண்டும்? உலோகத் தகடு நோய் தீர்க்காது என்று நாம் மேடைதோறும் சொல்லி வந்தோம். சொன்னது சரி. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நோய் தீர்க்கும் உலோகமும் உண்மையிலேயே இருக்கிறது. அது உண்டியலில் விழுவதில்லை. ஊசி வழியே நரம்பில் ஏறுகிறது. பிளாட்டினம் என்பது அதன் பெயர். அதைக் கொண்டு ஆக்கிய மருந்துக்குச் சிஸ்பிளாட்டின் என்று பெயர்.

"அரசியல் ஏட்டின் ஞாயிற்றுக் கட்டுரையில் இரசாயனப் பாடமா?" என்று கேட்பீர்கள். பொறுத்திருந்து படியுங்கள், முழுக்க முழுக்க அரசியல்தான் இது.

1844ஆம் ஆண்டு மிக்கேலே பெய்ரோனே என்னும் இத்தாலியர், பிளாட்டினத்தோடு அம்மோனியாவையும் குளோரினையும் சேர்த்து மஞ்சள் நிற உப்பு ஒன்றை ஆக்கினார். எதற்குப் பயன்படும் என்று அவருக்கும் தெரியாது, உலகுக்கும் தெரியாது. "பெய்ரோனே உப்பு" என்று பெயரிட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தனர். சுமார் ஐம்பது ஆண்டு கழித்து, 1893இல், ஆல்பிரட் வெர்னர் என்பார், உலோக அணுவைச் சுற்றி மற்ற அணுக்கள் எவ்விதம் இடம் பிடித்து அமர்கின்றன என்பதை விளக்கினார். 1913இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அப்போதும் அந்த உப்பு புட்டியிலேயே கிடந்தது.

வெர்னர் சொன்னதை இப்படி எண்ணிப் பாருங்கள். சதுர மேசை ஒன்று, நடுவிலே பிளாட்டினம், நான்கு மூலையிலும் நால்வர். இருவர் அம்மோனியா, இருவர் குளோரின். குளோரின் இரண்டும் அடுத்தடுத்த மூலையில் அமர்ந்தால் அது ஒரு பொருள். எதிரெதிர் மூலையில் அமர்ந்தால், அதே நால்வர்தான், எனினும் அது வேறு பொருள். முன்னது புற்றை அழிக்கிறது. பின்னதற்கு அந்த ஆற்றல் இல்லை.

ஆனால் இது தெரிய 1960களின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்றொரு பௌதிக அறிஞர். உயிரணு இரண்டாகப் பிளக்கும்போது தோன்றும் கோலம், காந்தத்தின் மேல் தூவிய இரும்புத் தூள் வரிசைபோல் இருக்கிறதே, மின்சாரம் செலுத்தினால் இந்தப் பிளவு என்னவாகும் என்று அவருக்கு ஓர் ஐயம். குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் கரைசலில் வளர்த்து, பிளாட்டினத் தகடுகளை நட்டு, மின்சாரம் பாய்ச்சினார். நுண்ணுயிர்கள் பிளப்பதை நிறுத்திவிட்டன. நிறுத்தியதோடு, இயல்பான நீளத்தைப் போல் முந்நூறு மடங்குவரை நூலாக நீண்டன! மின்சாரத்தின் வேலை என்றுதான் முதலில் எண்ணினர். துருவிப் பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது. எளிதில் கரையாது என்று நம்பிய பிளாட்டினம் துளித் துளியாகக் கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து, பெய்ரோனே புட்டியில் அடைத்து வைத்த அதே வகைச் சேர்மமாகியிருந்தது. 1965இல் இந்தச் செய்தி அச்சேறியது.

நுண்ணுயிரைப் பிளக்கவொட்டாமல் தடுப்பது, வெறி கொண்டு பிளந்து பெருகும் புற்றணுவையும் தடுக்காதா? எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கட்டி கரைந்தது. "நேச்சர்" இதழில் அந்த முடிவு வெளிவந்த நாள் 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 26.

அந்த ஆண்டு, தோழர்களே, நமக்கு மறக்கக்கூடிய ஆண்டா? 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை. திரும்பி வந்தார், தேறிவிட்டார் என்று மகிழ்ந்தோம். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையில் அண்ணாவைப் பறிகொடுத்தோம். கடற்கரைக்கு அவரைச் சுமந்து சென்ற மக்கள் கண்ணீர் காய மூன்று மாதம்கூட ஆகவில்லை, எலிகளின் கட்டி கரைந்த செய்தி வந்துவிட்டது. மருந்து இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. உணவுக்குழல் புற்று இன்றும் கொடியதுதான். எனினும் இன்று அந்த நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் பிளாட்டினச் சேர்மங்களே முன் வரிசையில் நிற்கின்றன. அந்த உப்பு மட்டும் புட்டியிலே கிடந்தது 120 ஆண்டுகளுக்கு மேல். அறிவு தூங்கினால் அதன் விலையை யாரோ ஒருவர் உயிராகக் கொடுக்கிறார்.

1971இல் முதல் நோயாளிகளுக்கு இம்மருந்து தரப்பட்டது. 1974 முதல் இண்டியானாவில் லாரன்சு ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் விந்தகப் புற்று கண்ட இளைஞர்களுக்கு வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். உடலெங்கும் பரவிவிட்டால் பத்துப் பேரில் ஒருவர் பிழைப்பதே அரிது என்றிருந்த நோய் அது. இன்று பத்தில் எண்மர் பிழைக்கின்றனர். 1978இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்த்துத் தரவேண்டும் என்று 1999இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் மருத்துவர்களுக்கு அறிவித்தது. நம் தாய்மார்களைத் தாக்கும் புற்றுகளில் முன் வரிசையில் நிற்பவற்றுள் ஒன்று அந்த நோய் அல்லவா?

மருந்து வேலை செய்யும் விதம் வியப்பானது. இரத்தத்திலே உப்புச் சத்து மிகுதி. அங்கே மருந்து குலையாமல் பயணம் செய்கிறது. உயிரணுவுக்குள் உப்புக் குறைவு. நுழைந்தவுடன் குளோரின் இரண்டும் கழன்று விடுகின்றன. காலியான இரு கையாலும் பிளாட்டினம், மரபு இழையைப் பற்றி மடக்கிவிடுகிறது. மடங்கிய இழையைப் படியெடுக்க முடியாமல் அணு மடிகிறது. நல்ல அணுவுக்கும் அடி விழாமலில்லை. குமட்டல் வாட்டும், சிறுநீரகம் கெடும், காதிலே இரைச்சல் கேட்கும், செவித்திறனே குறைவதும் உண்டு. அதனால்தான் ஊசிக்கு முன்னும் பின்னும் உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். இந்தத் தொல்லையைக் குறைக்கத் தேடியதில் கார்போபிளாட்டின் பிறந்தது. ஜப்பானில் நகோயாவில் கிடானி என்பாரின் ஆய்விலே ஆக்சாலிபிளாட்டின் பிறந்து, பெருங்குடல் புற்றுக்குத் துணை வந்தது.

இனி ஒரு கணக்கு. கருப்பைவாய்ப் புற்று கண்ட தாய்க்கு வாரம் ஒரு முறை, ஐந்தாறு வாரம் இந்த ஊசி. மெலிந்த உடலுக்கு ஒரு முறைக்கு ஏறக்குறைய 60 மில்லிகிராம். ஆறு முறைக்கும் சேர்த்து 360 மில்லிகிராம். அதில் பிளாட்டினத்தின் பங்கு நூற்றுக்கு 65. ஆக, ஓர் உயிருக்காகச் செலவாகும் பிளாட்டினம் கால் கிராம்கூட இல்லை! மூக்குத்தி அளவு. உண்டியலில் போடும் வெள்ளித் தகடு இதைவிடக் கனம்.

உலோகம் அரிது, ஆகவே மருந்து அரிது என்று எவரேனும் சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். உலோகம் அரிதன்று. அரிதாக்கி வைத்திருப்பது வேறு.

இதைக் கண்டுபிடிக்கப் பணம் போட்டவர் யார்? ரோசன்பர்க் பணியாற்றியது ஒரு மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகம். நோயாளிகளிடம் முதற் சோதனைக்குத் தோள் கொடுத்தது அந்நாட்டு அரசின் புற்றுநோய் நிலையம். நுண்ணுயிருக்கு மின்சாரம் பாய்ச்சினால் என்ன ஆகும் என்ற, இலாபம் தராத ஒரு கேள்விக்கு மக்கள் பணம் செலவிடப்பட்டது. கேள்வி விடையானதும், விடை மருந்தானதும், விற்பனைக்குக் கம்பெனி வந்து சேர்ந்தது. உழுதவன் ஒருவன், களத்துமேட்டில் மரக்காலோடு நிற்பவன் வேறொருவன்! பல்கலைக்கழகத்துக்கு உரிமைப் பங்கு கிடைத்தது, அதை மறைக்கவேண்டாம். கதை எங்கே தொடங்கியது என்பதைத்தான் நினைவூட்டுகிறேன்.

அமெரிக்கக் கதை கிடக்கட்டும், நம் வேலூருக்கு வருவோம். வெள்ளைப் பாஷாணம் என்றால் நம் பாட்டிமாருக்குத் தெரியும். எலிக்கு வைப்பது, கதைகளிலே மாமியார் மருமகளுக்கு வைப்பது. ஆர்செனிக் என்னும் உலோகப்போலியின் சேர்மம் அது. சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களில் இதை மிகச் சிற்றளவில் நரம்பில் ஏற்றி, ஒரு வகை இரத்தப் புற்றைப் போக்க முடியும் என்று கண்டனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா ஏற்றது. கம்பெனிச் சரக்காகிப் பெருவிலை பெற்றது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மாத்யூசும் அவர் கூட்டாளிகளும், மேனாட்டார் பிற மருந்துகளோடு சேர்த்துத் தந்ததைத் தனி மருந்தாகவே கொடுத்துப் பார்த்தனர். 1998 முதல் 2004வரை 72 நோயாளிகள். 2006இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 86 பேருக்கு நோய் முற்றும் அடங்கியது. பெருஞ்செலவுச் சிகிச்சையை எட்ட முடியாத ஏழைக்கும் வழி உண்டு என்று உலகுக்குச் சொன்ன ஆராய்ச்சி, தமிழ் மண்ணில் நடந்தது.

உடனே நம்மிலே சிலர் மார் தட்டக் கிளம்பிவிடுவர். "பார்த்தீரா! பாஷாணமும் பற்பமும் செந்தூரமும் சித்தர் அன்றே சொன்னது!" சொல்லியிருக்கலாம். ஆனால் வேலூரில் நடந்தது என்ன? எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் மாண்டனர், மாண்டது ஏன் என்று எண்ணி எழுதி, பிறர் சரிபார்க்கும்படி வைத்தனர். பாஷாணத்தை மருந்தாக்கியது அந்தக் கணக்கேடு. கணக்கேடு இல்லாமல் முச்சந்தியில் செந்தூரப் பொட்டலம் விற்பவன் தமிழில் பேசினாலும் தமிழனுக்கு நண்பன் அல்லன். பெருமை பேச விரும்புவோர் சித்த மருந்துகளையும் இதே உரைகல்லில் உரைக்கச் சொல்லிக் கேட்கட்டும். முதல் ஆளாக நான் கை தூக்குகிறேன்.

இப்போது உள்ளத்தை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் பழனியாண்டவரும் மாணவர்களும் பல்லாண்டு உழைத்துத் தாமிரம், ருத்தேனியம் முதலிய உலோகங்களின் சேர்மங்களை ஆக்கினர். அவை மரபு இழையை எவ்விதம் பற்றுகின்றன, புற்றணுவை எவ்விதம் வீழ்த்துகின்றன என்று ஆராய்ந்தனர். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் நடராசன் குழுவினர் ருத்தேனியத்தைக் கொண்டு அவ்வழியே நடந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்கரவர்த்தி குழுவினர் ஒளி பட்ட இடத்தில் மட்டும் விழித்தெழும் உலோகச் சேர்மங்களைச் சமைத்தனர். புற்று உள்ள இடத்தில் ஒளியைப் பாய்ச்சினால் அங்கே மட்டும் அழிவு, பிற உறுப்புக்குத் தீங்கு இல்லை என்பது நோக்கம். உலக ஏடுகளில் இவை வெளிவந்தன. பிற நாட்டு அறிஞர் எடுத்துக் காட்டினர். உழவன் மகனும் நெசவாளி மகளும் இந்த ஆய்வுக் கூடங்களிலே முனைவர் பட்டம் பெற்றனர். அது நம் இயக்கம் கேட்டுப் பெற்ற கல்வியின் விளைவு, அதைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

பிறகு? ஆய்வேடு நூலகத்துக்குப் போயிற்று. மாணவன் வேலை தேடப் போனான். சேர்மம் புட்டிக்குள் போயிற்று, பெய்ரோனே உப்பைப் போலவே.

நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். கண்ணாடித் தட்டிலே புற்றணுவைக் கொல்வது பெரிய காரியம் அன்று. சலவைச் சோடாவும் கொல்லும். மனிதனைக் கொல்லாமல் புற்றை மட்டும் கொல்வதே காரியம். ஆயிரம் சேர்மம் தட்டிலே வென்றால், ஒன்றிரண்டு எலியிலே வெல்லும்; மனிதனிடம் ஒன்றுகூட வெல்லாமலும் போகும். மேலை நாட்டு ருத்தேனியச் சேர்மங்கள் சில மனிதச் சோதனைவரை சென்றும் இன்றுவரை மருந்துக் கடையை எட்டவில்லை. ஆகவே "திருச்சியிலே புற்றுக்கு மருந்து கண்டாயிற்று" என்று கொட்டை எழுத்தில் அச்சிடும் ஏடுகளை நம்பாதீர்கள். என் குறை நம் சேர்மம் தோற்றது என்பதன்று. வெல்லுமா, தோற்குமா என்று பார்க்கும் களத்துக்கே அது அனுப்பப்படவில்லை என்பதுதான்.

தட்டுக்கும் கட்டிலுக்கும் இடையே ஓர் ஆறு ஓடுகிறது. அதைக் கடக்க, சேர்மத்தைத் துளியும் மாசின்றி நிறைய ஆக்கவேண்டும். இருவகை விலங்குகளிலாவது நஞ்சுச் சோதனை வேண்டும். அதற்கென ஒப்புதல் பெற்ற கூடம் வேண்டும். பின்னர் மருத்துவமனை, தன் விருப்பத்தோடு முன்வரும் நோயாளிகள், அவர்களுக்குக் காப்பு, ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு. கோடிகள் வேண்டும். பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் கோடி ஏது? கோடி வைத்திருக்கும் முதலாளியோ, எத்தனை ஆண்டு, எத்தனை மடங்கு என்று கேட்கிறான். நிச்சயமில்லை என்ற பதிலோடு அவன் வாசலில் நிற்க முடியுமா?

ஜப்பான் கடந்தது, நெடாபிளாட்டின் என்ற தன் மருந்தை 1995இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. தென் கொரியா கடந்தது. ஹெப்டாபிளாட்டின் அதன் பெயர். சீனம் லோபாபிளாட்டினைத் தன் நோயாளிகளுக்குத் தருகிறது. இவை உலகை வென்ற மருந்துகள் அல்ல. எனினும் ஆற்றைக் கடக்கத் தெரிந்தவர்கள் என்பதற்கு அத்தாட்சி. நம் நாட்டிலே பிறந்து மருத்துவமனையை எட்டிய பிளாட்டின மருந்து ஒன்றுகூட இல்லை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலே பிளாட்டினக் குடும்பத்து உலோகங்கள் இருப்பதைப் புவியியல் ஆய்வுத் துறை கண்டிருக்கிறது. மண்ணிலே உலோகமும் ஏட்டிலே அறிவும் இருந்து என்ன? இரண்டும் கிடக்கின்றன.

"நாம் செய்யாவிட்டால் என்ன, உலகச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே" என்பார் உண்டு. அவர்களுக்கு 2023ஆம் ஆண்டைக் காட்டுவேன். உலகின் பெரும் பணக்கார நாடான அமெரிக்காவிலே அவ்வாண்டு சிஸ்பிளாட்டின் இல்லை! அந்நாட்டுக்கு வேண்டியதில் ஏறக்குறையப் பாதியை, ஆமதாபாத்துப் பக்கத்திலிருந்த இன்டாஸ் என்ற ஒரே கம்பெனியின் ஆலை அனுப்பி வந்தது. 2022 இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது, கிழித்தெறிந்த ஆவணங்கள் பைகளிலே கிடந்தன. ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் முதன்மையான புற்றுநோய் மையங்களிடம் கேட்டபோது நூற்றுக்கு 70 மையங்களில் சிஸ்பிளாட்டின் தட்டுப்பாடு, 93 மையங்களில் கார்போபிளாட்டின் தட்டுப்பாடு. எந்த நோயாளிக்குக் கொடுப்பது, எவருக்கு மறுப்பது என்று மருத்துவர்கள் கைபிசைந்தனர். கடைசியில் சீனத்திலிருந்து வரவழைத்தனர்.

ஏன் ஒரே ஆலையை நம்பியிருந்தனர்? மருந்து பழையது, காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, விலை மலிவு. மலிவானதைச் செய்வதில் ஆதாயம் இல்லை என்று ஒவ்வொருவராக விலகிவிட்டனர். விலை ஏறினால் ஏழைக்கு எட்டாது. இறங்கினால் முதலாளிக்குப் பிடிக்காது! இந்தச் சந்தையை நம்பித்தான் மணவாள நகர்த் தாயை வரிசையில் நிற்கச் சொல்கிறோம்.

காப்புரிமை என்றதும் நம் சென்னையின் பங்கு நினைவுக்கு வருகிறது. நீதிபதி இராஜகோபால அய்யங்கார் 1959இல் தந்த அறிக்கையே, மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்ற 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிப்படை. அந்தச் சட்டத்தால்தான் இந்திய ஆலைகள் மலிவு மருந்து செய்யக் கற்றன. 2005இல் உலக வணிக ஒப்பந்தத்துக்குப் பணிந்து அதை மாற்றினர். எஞ்சிய ஒரு பிரிவைக் கொண்டு, இரத்தப் புற்று மருந்தொன்றின் புது வடிவுக்குக் காப்புரிமை இல்லை என்று 2006இல் சென்னை அலுவலகம் மறுத்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. நல்ல வெற்றி. ஆனால் கேடயம் அது. கேடயத்தை மட்டும் தூக்கிக்கொண்டு எத்தனை காலம் நிற்பது?

என் கருத்து இதுதான்: மலிவான உலோக மருந்துகளை ஆக்கவும், நம் பல்கலைக்கழகங்களின் புதுச் சேர்மங்களை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோகவும், மாநில அரசே ஒரு நிறுவனம் காணவேண்டும். இந்த வட பகுதியில், கும்மிடிப்பூண்டித் தொழில் வளாகத்திலோ திருவள்ளூர்ப் பக்கத்திலோ அது எழவேண்டும்.

"அரசா மருந்து செய்வது? நடக்கிற காரியமா?" என்பார்கள். நடந்த காரியம். 1954இல் பிம்பிரியில் நிறுவப்பட்ட அரசு ஆலை பெனிசிலின் ஆக்கியது. இலக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்ட கருத்தடை மாத்திரை, 1991 முதல் அரசுத் துறை ஆலையின் "சஹேலி"யாகப் பெண்களின் கைக்கு வந்தது. அண்டைக் கேரளத்தில் கலவூரிலே 1974 முதல் மாநில அரசின் மருந்து ஆலை இருக்கிறது. நம் அரசும் டாம்ப்கால் நிறுவனத்தின் வாயிலாகச் சித்த மருந்துகளை ஆக்கி வருகிறது. 1994இல் நாம் கண்ட மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கும் முறையிலே நாட்டுக்கே வழிகாட்டியாயிற்று. வாங்கத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியாதா? 1954இல் அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது பன்னிரண்டே படுக்கைகள். அதையும் வீண் வேலை என்றவர்கள் இருந்தனர். டாக்டர் சாந்தா அங்கேயே வாழ்ந்து 2021இல் மறையும்வரை, புற்று மருந்துக்கு வரி விலக்கு, நோயாளிக்குப் பயணச் சலுகை என்று ஒவ்வொன்றையும் வாதாடிப் பெற்றார்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அரசு ஆலை என்றாலே ஆனந்தம் என்று நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. செங்கற்பட்டில் டில்லி அரசு பல நூறு கோடியில் எழுப்பிய தடுப்பூசி வளாகம், கொரோனாக் கொடுமை வந்து பிணம் விழுந்தபோதும் பூட்டியே கிடந்ததைப் பார்த்தோம். கட்டடம் மருந்து செய்யாது. திருச்சி, கோவை ஆய்வாளர்க்கும் வேலூர், அடையாறு, காஞ்சிபுரத்து அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை மருத்துவர்க்கும் அதில் அதிகாரம் வேண்டும். ஓய்வு பெற்ற அதிகாரிக்கு ஒதுங்க ஒரு நாற்காலியாக அது முடியக்கூடாது.

இந்தப் பகுதியையே ஏன் சொல்கிறேன்? கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்குகிறவன் நம் தோழன். பழைய மின்கலத்தை உடைத்துக் காரீயம் எடுக்கிறவன் நம் தோழன். உலோகத்தின் புகையை நெஞ்சில் வாங்குபவன் அவன். இராணிப்பேட்டையிலே 1995இல் மூடிய குரோமேட் ஆலை, இரண்டு இலட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்து வைத்துவிட்டுப் போயிற்று. அந்தக் குரோமியம் புற்று விளைவிக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. உலோகத்தின் நஞ்சைப் பங்கிட்டுக் கொடுத்த இடத்துக்கு அதன் மருந்தையும் கொடுக்கக் கேட்பது நியாயந்தானே? அந்த ஆலை வருமானால், தொழிற்சங்கத் தோழர்கள் அங்கேயும் கண் விழித்திருக்கவேண்டும். சிஸ்பிளாட்டினும் கையாளுவோர்க்கு ஆபத்தானது; மூடிய அறை, கையுறை, முகக் காப்பு, கழிவைப் பிரித்தழிக்கும் ஏற்பாடு ஆகியவற்றை முதல் நாளே எழுத்தில் பெறவேண்டும்.

இவ்வளவும் எழுதியபின் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். 2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மணவாள நகர்க் கிளைத் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் அங்கே சென்று, பணிவோடு கேட்டு எழுதி வாருங்கள்: சிஸ்பிளாட்டின் ஊசி இங்கேயே போடப்படுகிறதா? கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இருப்பு இல்லாமல் இருந்தது? நம் ஊர்த் தாய்மார்களில் எத்தனை பேர், குமட்டும் வயிற்றோடு, சென்னைக்கும் காஞ்சிக்கும் இரயிலும் பேருந்துமாக வாரந்தோறும் போய் வருகின்றனர்? கும்மிடிப்பூண்டித் தோழர்களும் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இதையே கேட்கட்டும். அந்தத் தாளை மாவட்ட மாநாட்டுக்குக் கொண்டு வாருங்கள். தீர்மானத்தின் வாசகத்தை அதைப் பார்த்து எழுதிக்கொள்வோம்.